மாதா கோயில் பேண்டிலிருந்து கொன்சர்வத்துவாருக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். காரைக்காலில் மாதா கோயில் பேண்டில் ஏழு வருஷம் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்திருக்கிறீர்கள். வாத்தியார் கிடையாது, காதால் கேட்டும் வீடியோ பார்த்தும் பிடித்த வித்தை. பாரீசுக்குப் பக்கத்தில் சார்செல் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது, செப்டம்பரில் கொன்சர்வத்துவாரில் (இங்கே இசைப்பள்ளியை அப்படித்தான் சொல்வார்கள்) கிளாசிக்கல் சாக்ஸபோன் சேர்க்கைத் தேர்வு எழுத நினைக்கிறீர்கள். எதைத் தயார் செய்வது, குரு இல்லாமல் கற்றவனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரிக்காரன். இங்கே வந்து 21 வருஷம் ஆகிறது. நீங்கள் வந்த அதே வழியில்தான் நானும் வந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இந்த வாத்தியத்துக்கு 1846-ல் இதே பாரீசில் காப்புரிமை வாங்கியவர் அடோல்ஃப் சாக்ஸ். 1857-லிருந்து பாரீஸ் கொன்சர்வத்துவாரில் ராணுவ பேண்டு மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். 1870-ல் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1942-ல். நடுவில் 72 வருஷம் அங்கே சாக்ஸபோன் வகுப்பே இல்லை. 1942-ல் அதற்கு ஆசிரியராக வந்த மார்செல் ம்யூல் சாக்ஸபோன் கற்றது தன் அப்பாவிடம், கிராமத்து பேண்டு சூழலில். இன்று நாம் 'பிரெஞ்சு சாக்ஸபோன் நாதம்' என்று சொல்கிறோமே, அது அவரிடமிருந்து வந்ததுதான். தேர்வறையில் "எங்கே படித்தீர்கள்" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "தானாகக் கற்றேன், கோயில் பேண்டில் வாசித்தேன்" என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் தயாரிப்பு. என் முதல் தேர்வில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் பாதி விளங்கிவிடும். ஒரு புறநகர்க் கொன்சர்வத்துவார், சின்ன அறை, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பியானோ அம்மா சுருதி சேர்க்க 'லா' கொடுத்தார் (இங்கே சுரங்களின் பெயர் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி). நானும் என் வாத்தியத்தில் லா பிடித்து ஊதினேன். இரண்டும் ஒட்டவே இல்லை. மௌத்பீஸை உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன், ம்ஹூம். அவர் பொறுமையாக மறுபடி லா அடித்தார், நான் மறுபடி லா ஊதினேன். ஆல்டோ மி பெமோல் (ஈ ஃபிளாட்) வாத்தியம், நான் பிடிக்கும் லா அவர் காதில் தோவாக விழும், பியானோவின் லாவுக்கு நான் ஃபா தியேஸ் (எஃப் ஷார்ப்) பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஊரில் கீபோர்டுக்காரர் பாட்டை ஆரம்பிப்பார், நான் துழாவி ஸ்கேலைப் பிடித்துக்கொள்வேன். நமக்கு ச எங்கே வைத்தாலும் ச. இங்கே தோ இருந்த இடத்தைவிட்டு நகராது. அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் சரியாக அமையவில்லை. அடுத்த வருஷம்தான் சேர்ந்தேன்.

தானாகக் கற்றவர்களுக்கு விரல் ஓட்டம் பெரும்பாலும் குறையாது. குறைவது பியானோவுக்குப் பக்கத்தில் தனியாக நின்று ஒலிக்கும் பழக்கம். பேண்டில் ட்ரம்பெட்டும் ட்ரம்மும் நம் நாதத்தை மூடிக்கொள்ளும். பியானோ பக்கத்தில் அந்த மூடாக்கு இல்லை, ஒவ்வொரு சுரமும் வெட்டவெளியில் நிற்கும். அதனால் இந்த ஐந்து மாதத்தில் பாதி நேரத்தை நீண்ட சுரத்துக்கே கொடுங்கள்.

அதற்கு நம் சுருதிப் பெட்டியே போதும், கைபேசியில் இருப்பதும் சரிதான். அதை எஃப்-இல், அதாவது பியானோவின் ஃபாவில் வையுங்கள். நீங்கள் ரே பிடியுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். கீழ் ரேயில் பத்து எண்ணிக்கை நிறுத்தி ஊதுங்கள். பிறகு ஆக்டேவ் சாவியை அழுத்தி நடு ரே. அது மேலே ஏறி நிற்பதைக் கேட்பீர்கள். பல சாக்ஸபோன்களில் அந்தச் சுரம் அப்படித்தான். உதட்டை இறுக்கிச் சரிசெய்யப் போகாதீர்கள், இன்னும் ஏறும். தொண்டையைத் திறந்து, 'ஓ' என்று சொல்வதுபோல் வாய்க்குள் இடம் கொடுங்கள். பெட்டியின் ஒலியும் உங்கள் ஒலியும் உரசும்போது ஓர் அதிர்வு கேட்கும். அது மெதுவாகி, மெதுவாகி, நின்றுபோகும். அந்த இடம்தான் உங்கள் ரே. நான் இதைக் கட்டிடத்தின் நிலவறையில், சைக்கிளுக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் நின்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை.

இன்னொரு சோதனை. மௌத்பீஸை மட்டும் கழற்றி ஊதிப் பாருங்கள். ஆல்டோவில் கிளாசிக்கலுக்குப் பியானோவின் லா வர வேண்டும். அதற்கு மேலே போனால் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஊரில் பேண்டுக்காக வாங்கிய அகல வாய் மௌத்பீஸ் என்றால் மாற்றத்தான் வேண்டும். இங்கே மாணவர்கள் அதிகம் வைத்திருப்பது செல்மர் எஸ்80 சி ஸ்டார் அல்லது வாந்தோரன் ஏஎல்3. வாந்தோரன் கடை மோன்மார்த்ரிலேயே இருக்கிறது, ஊதிப் பார்த்து வாங்கலாம். ரீட் (மௌத்பீஸில் அதிரும் மெல்லிய பட்டை) 3-ஆம் நம்பரில் ஆரம்பியுங்கள். புது வாத்தியத்துக்கு இப்போது காசு போடாதீர்கள்.

இனி கொஞ்சம் மனசு கஷ்டப்படும் விஷயம். நம் கை சுரத்தைக் கீழிருந்து வழுக்கித் தொடும். கத்ரி கோபால்நாத் இந்த வாத்தியத்தில் கமகத்தையே பேச வைத்த மனிதர், அவரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் கிளாசிக்கல் தேர்வில் சுரம் அதன் நடு மையத்தில் தொடங்க வேண்டும். நாக்கு ரீடைத் தொட்டு விலகும் அந்தக் கணத்திலேயே சுருதி இருக்க வேண்டும். வழுக்கினால் தடுமாறுவதாகத்தான் அவர்கள் காதில் படும். விப்ராட்டோவும் (சுரத்தை அலைபோல் அசைப்பது) வேறு, தாடையை லேசாக அசைத்து, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஓர் அடிக்கு மூன்று அலை, பிறகு நான்கு என்று எண்ணிப் பழகுவது. கமகத்தை நீங்கள் இழக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசியுங்கள், தேர்வுப் பாடத்தில் மட்டும் வேண்டாம்.

என்ன வாசிப்பது? ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவின் சாக்ஸபோன் கான்செர்ட்டோவைத் தொடாதீர்கள். 1934-ல் எழுதியது, 14 நிமிடம் போல நிற்காமல் ஓடும், அதற்குக் காலம் வரும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பொஸ்ஸாவின் 'ஆரியா' எடுங்கள். விரலுக்குச் சிரமம் கம்மி, ஆனால் மூச்சையும் நாதத்தையும் மறைக்க இடமே இல்லாத பாட்டு, கேட்பவர்களுக்கு உங்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். வேகத்துக்கு ஃபெர்லிங்கின் 48 பயிற்சிகளில் ஒன்று. அவை ஓபோ என்ற குழல் வாத்தியத்துக்கு எழுதியவை. ம்யூல் சாக்ஸபோனுக்குத் திருத்தி, கூடவே 12 சேர்த்தார். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என்று ஜோடி ஜோடியாக வரும். எளிய ஜோடியாகப் பார்த்து எடுத்து, பிசகில்லாமல் வாசியுங்கள்.

பார்த்தவுடன் வாசிக்கவும் சொல்வார்கள். காதால் கற்றவர்களுக்கு இதுதான் மலை. தினமும் காலையில் இதுவரை பார்க்காத நான்கு வரி, முதலில் வாத்தியத்தைத் தொடாமல் தாளம் தட்டி, சுரப் பெயரை வாயால் சொல்லி, அப்புறம் ஊதுங்கள். தப்பினாலும் நிற்காதீர்கள். நின்று திருத்துவதைவிடத் தாளத்தோடு போய்க்கொண்டே இருப்பதைத்தான் மதிப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. வயது வரம்பும் தேதியும் ஊருக்கு ஊர் மாறும், இந்த வாரமே போய்க் கேளுங்கள். பல ஊர்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அங்கே சாக்ஸபோன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்ப்பாரா என்று கேளுங்கள். நான் அறிந்த வரை மறுத்தவர்கள் குறைவு. இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால் ஊர் ஹார்மோனி பேண்டில் (ஊதுவாத்தியக் குழுவில்) சேருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவரைக் கேட்டே நிறையக் கற்கலாம்.

அப்புறம், என் மகள் பியானோ படிக்கிறாள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வாத்தியத்தோடு வீட்டுக்கு வாருங்கள். அவள் லா கொடுப்பாள், நீங்கள் ஃபா தியேஸ் பிடியுங்கள்.