வாசகர் கேள்வி பதில்: சீனாவுக்குள்ள இன்னொரு மங்கோலியா

மங்கோலியாதான் ஏற்கனவே தனி நாடாச்சே சார், அப்புறம் எதுக்கு மங்கோலிய விடுதலைன்னு ஒரு கோஷ்டி கேட்டுகிட்டு இருக்கு?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

நீங்க சொல்றது வடக்கால உலான்பாத்தரைத் தலைநகரா வெச்சுகிட்டு இருக்கிற நாடு, 1911ல சீனாவை ஆண்ட மஞ்சு ராஜ்யம் கவுந்தப்போ தனியா பிச்சுகிட்டு போனது. தெக்கால இருந்தவங்க சீனாவோடயே மாட்டிகிட்டாங்க, 1947ல அதை உள் மங்கோலியா தன்னாட்சிப் பகுதின்னு ஆக்கிட்டாங்க. அந்த "உள்"ங்கிற சொல்லே விடுதலை கேக்கிறவங்களுக்குப் பிடிக்காது, தெற்கு மங்கோலியான்னுதான் சொல்லுவாங்க. மங்கோலியா நாட்டுல இருக்கிறதைவிட மங்கோலியர்கள் இங்கதான் ஜாஸ்தி, 40 லட்சத்துக்கு மேல. ஆனா அங்க மொத்தம் 2.4 கோடி ஜனம், மீதி பெரும்பாலும் ஹான் சீனர்கள். பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்த நம்ம புதுச்சேரிக்காக கீழூர்ல 1954ல பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டு போட்டு 170 பேர் இந்தியாவோட சேரணும்னு முடிச்ச மாதிரி அங்க ஓட்டு வெச்சு முடிக்கிற கதையே இல்ல, சொந்த மண்ணுலயே ஆறுல ஒரு பங்குதான் அவங்க.

எங்க சித்தப்பா பாரிஸ்ல உக்காந்துகிட்டு பாண்டி அரசியலை ஃபோன்ல கிழிப்பாரு, இதுவும் அப்படித்தானா?
– பேர் போட வேண்டாம்னு சொன்ன வாசகி, முத்தியால்பேட்டை

பாதி அப்படித்தாங்க. உள் மங்கோலிய மக்கள் கட்சி 1997ல ஆரம்பிச்சதே அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல, தெற்கு மங்கோலிய மனித உரிமை தகவல் மையம் நியூயார்க்ல, ஆளுங்க ஜப்பான், ஜெர்மனின்னு சிதறி கிடக்காங்க. உள்ளூர்ல வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு ஹதாவைப் பாருங்க, உள் மங்கோலியாவோட தலைநகர் ஹூஹோட்ல புத்தகக்கடை வெச்சிருந்தவரு, 1995ல பிடிச்சு பிரிவினை, உளவுன்னு 15 வருஷம் போட்டாங்க, 2010ல தண்டனை முடிஞ்சும் வீட்டுக்கு விடல, இன்னும் நாலு வருஷம் அடைச்சு வெச்சிருந்தாங்க. உங்க சித்தப்பா பொங்கலுக்கு டிக்கெட் போட்டு வந்துருவாரு, இவங்களால அது முடியாது.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல். தனிநாடுங்கிற பேச்சு வெளியில இருக்கு, உள்ள இருக்கிறவன் கேக்கிறது வேற. 2011ல மெர்கன்னு ஒரு மேய்ப்பர் மேய்ச்சல் நிலத்துக்குள்ள வந்த நிலக்கரி லாரியை மறிச்சாரு, ஏத்திக் கொன்னுட்டாங்க, ஊரே தெருவுக்கு வந்துச்சு. 2020ல மொழிப்பாடம், அரசியல், வரலாறு மூணையும் மங்கோலிய மொழியில நடத்தாம சீனத்துல நடத்துன்னு உத்தரவு வந்ததும் அப்பா அம்மாங்க புள்ளைங்களை ஸ்கூலுக்கே அனுப்பல. புல்லு, பாஷை, ரெண்டும்தான் அவங்க கேட்டது. வெளிநாட்டு கோஷ்டி இதை உலகத்துக்குச் சொன்னது பெரிய வேலை, இல்லேன்னா நமக்கு இந்த சேதியே வந்திருக்காது. ஆனா கொடி பிடிக்கிறவங்களுக்கும் ஆடு மேய்க்கிறவங்களுக்கும் நடுவுல தூரம் கூடிகிட்டேதான் போகுது.

பக்கத்து மங்கோலியா நாடு தன் இனத்துக்கு ஏன் குரல் குடுக்கல?
– ஒரு கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

அவங்க ஏத்துமதியில முக்காவாசிக்கு மேல வாங்குறதே சீனாதான் தம்பி, நிலக்கரியும் தாமிரமும். கடைக்காரன் பெரிய கஸ்டமர்கிட்ட சண்டை போடுவானா?