அமிலம் போன்ற அரிக்கும் பொருட்களின் மூச்சு நச்சுத்தன்மையை எலிகளிடம் எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஒரு பொருளின் ஆவியையோ தூசியையோ சுவாசித்தால் உடலுக்கு எவ்வளவு கேடு என்பதே மூச்சு நச்சுத்தன்மை. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட 403ஆம் சோதனை வழிகாட்டியின்படி, பெரும்பாலும் எலியைக் குறுகிய குழாயில் வைத்து, மூக்கு மட்டும் அந்தப் பொருள் கலந்த காற்றில் படும்படி 4 மணி நேரம் விடுவார்கள். பிறகு குறைந்தது 14 நாள் கவனிப்பு. எலிகளில் பாதி இறக்கும் செறிவைக் கணிப்பது வழக்கம்.

அரிக்கும் பொருளில்தான் சிக்கல். அது ரத்தத்தில் கலந்து நஞ்சாவதற்கு முன்பே, பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். எந்த இடம் என்பது நீரில் எவ்வளவு கரைகிறது என்பதைப் பொறுத்தது. வாசல் மிதியடியில் சேறு நின்றுவிடும், நுண்தூசி கூடம்வரை வந்துவிடும் அல்லவா? அப்படித்தான். நன்றாகக் கரையும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு மூக்கு, தொண்டையின் ஈரத்திலேயே பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். அதிகம் கரையாத பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு நுரையீரலின் ஆழம்வரை போகும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தே தெரியவரலாம். பாஸ்ஜீனைக் கண்டுதான் எனக்குக் கூடுதல் பயம்.

எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். நாம் வாயாலும் இழுப்போம்; அப்போது மூக்கில் சிக்காமல் அந்தப் பொருள் உள்ளே போய்விடலாம். அதனால் எலி தாங்கிய அளவு மனிதருக்கும் பாதுகாப்பானது என்று பலர் நினைப்பது தவறு.