40 பேர் உள்ள ஆபீஸில் மெயில் சர்வருக்கு எந்த பேக்கப் முறை சரியாக வரும்?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: 40 பேர், ஆபீஸுக்குள்ளேயே எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்), எல்லாருடைய மெயிலும் இருக்கும் டேட்டாபேஸ் 400 ஜிபி. இப்போது ராத்திரியில், விண்டோஸோடு வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப் ஒரு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) எழுதுகிறது. டேட்டாபேஸை முழுதாக எடுப்பதா, மெயில்பாக்ஸ் வாரியாக எடுப்பதா, கிளவுடுக்கு அனுப்புவதா என்று கேட்கிறீர்கள்.

சேலத்தில் பல வருடமாக எனக்கு இதுதான் தொழில். செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடைகள், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஆபீஸ்கள் என்று பார்த்து வருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: எதைத் திரும்ப எடுக்க வேண்டி வரும், எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டி வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாஃப்ட்வேர் விலைப்பட்டியலை அதற்கப்புறம் திறக்கலாம். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு ஜவ்வரிசி ஆலையில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை 10 மணி. அந்த ஆலையில் கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "வேலைய விட்டு நின்னானே அந்தப் பையன், போறப்ப எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போயிட்டான் போல இருக்குது தம்பி. மூட்டைக்கு என்ன ரேட்டுன்னு அந்த மெயில்லதான் இருக்குது. திங்கக்கிழமை பார்ட்டி நேர்ல வர்றாங்க."

பையன் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அழித்த மெயிலை எக்ஸ்சேஞ்ச் தானாக வைத்திருக்கும் காலம், நாம் மாற்றாவிட்டால், 14 நாள்தான். அது எப்போதோ தாண்டிவிட்டது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று நாஸைத் திறந்தேன். முந்தின ராத்திரி பேக்கப் ஒன்றுதான் இருந்தது. விண்டோஸ் சர்வர் பேக்கப், நாஸ் போன்ற நெட்வொர்க் ஷேரில் எழுதும்போது பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதிவிடும். நீங்கள் அமைத்திருப்பதும் அதே முறைதான், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் பச்சை டிக் விழுந்துகொண்டே இருக்கும், போன வாரத்துக்குப் போக வழி இருக்காது.

முதலாளி வீட்டு பீரோவில் நான் எப்போதோ எடுத்துக் கொடுத்த ஒரு டிஸ்க் இருந்தது. அதில் தேதி பொருந்தியது. ஆனால் அந்த ஆலையின் 300 ஜிபி டேட்டாபேஸை வைக்கச் சர்வரில் இடமில்லை. ஐந்து ரோடு பக்கம் கடையில் டிஸ்க் வாங்கி வேறொரு மெஷினில் மாட்டி, பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகக் கொண்டுவரவே எட்டு மணி நேரம் ஆனது. ரிக்கவரி டேட்டாபேஸாக (பழைய பிரதியிலிருந்து மெயிலை எடுக்க மட்டும் தனியாகத் திறப்பது) மவுன்ட் செய்யப் போனால் 'டர்ட்டி ஷட்டவுன்', அதாவது சரியாக மூடப்படவில்லை, என்று நின்றது. பேக்கப்போடு வந்த லாக் ஃபைல்களை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஃபைல்கள்) ஓட்டி அதைச் சுத்தமான நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் அந்தப் பையனின் மெயில்பாக்ஸை மட்டும் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அந்த அக்கா ஆலைக்கு வந்துவிட்டார். களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது, தொட்டிப் பக்கமிருந்து மரவள்ளி மாவின் புளித்த வாடை. மணிக்கு ஒரு தரம் வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். இரவு 11 மணிக்கு மெயில் கிடைத்தது. ஒரே ஒரு மெயிலுக்கு 37 மணி நேரம்.

ஆகவே உங்கள் தாளில் முதல் வரி 'ஒரு மெயில் காணோம்' என்பதாக இருக்கட்டும். எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். இதற்கு பேக்கப்பைத் தொடவே தேவையில்லாதபடி செய்துவிடலாம். அழித்த மெயிலை வைத்திருக்கும் காலத்தை 14 நாளிலிருந்து 60 அல்லது 90 நாளாக ஏற்றுங்கள். கூடவே 'சிங்கிள் ஐட்டம் ரிக்கவரி'யை எல்லா மெயில்பாக்ஸுக்கும் போடுங்கள். சொந்த சர்வரில் அது தானாக ஆன் ஆகியிருக்காது. அது இருந்தால், ஒருவர் குப்பையிலிருந்தும் அழித்துவிட்டுப் போனாலும் அந்தக் காலம் முடியும்வரை அட்மின் எடுத்துக் கொடுக்கலாம். டிஸ்க் இடம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான் செலவு.

இரண்டாவது வரி, சர்வரே போய்விட்டால். இதற்கு டேட்டாபேஸ் முழுவதையும் வி.எஸ்.எஸ். (சர்வர் ஓடும்போதே சீரான பிரதி எடுக்க உதவும் விண்டோஸ் வசதி) வழியாக எடுக்கும் பேக்கப்தான் வேண்டும். மெயில்பாக்ஸ் வாரியாக எடுத்த பிஎஸ்டி ஃபைல்களை (அவுட்லுக்கின் மெயில் ஃபைல்) வைத்து 40 பேரை மறுபடி எழுப்புவதற்குள் வாரம் ஓடிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் இடிபி ஃபைலை (எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸ் ஃபைல்) சும்மா காப்பி எடுத்து வைப்பதும், சர்வர் விர்ச்சுவல் மெஷினாக ஓடினால் அதன் அந்த நொடி நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போவதும் ஆகாது. ரெய்டில் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் அமைப்பு) இரண்டு டிஸ்க் இருப்பது, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். அழித்ததை அது அதே நொடியில் இரண்டிலும் அழித்துவிடும்.

லாக் ஃபைல்களைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு மாற்றத்தையும் 1 எம்பி லாக் ஃபைல்களாக எழுதிக்கொண்டே போகும், பேக்கப் நன்றாக முடிந்தால்தான் பழையதை நீக்கும். பேக்கப் பத்து நாள் தோற்றால் டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் இறங்கி, மெயிலே நின்றுவிடும். அப்போது யாராவது "சர்க்குலர் லாக்கிங் போடுங்க, இடம் மிச்சமாகும்" என்பார்கள். கேட்காதீர்கள். அது பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாக்கை நீக்கிவிடும் முறை. அதைப் போட்டால் கடைசி பேக்கப் நேரம் வரைதான் திரும்ப முடியும், அதற்குப் பிறகு வந்த மெயில் போனதுதான். லாக் தனி டிஸ்க்கில் இருந்தால், டேட்டாபேஸ் டிஸ்க் செத்தாலும் ராத்திரி பேக்கப்பின் மேல் அன்றைய லாக்கை ஓட்டி, சாகும் நிமிடம் வரை வந்துவிடலாம்.

டொமைன் கன்ட்ரோலரையும் (ஆபீஸில் எல்லாருடைய லாகினையும் பார்த்துக்கொள்ளும் சர்வர்) மறக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சின் செட்டிங்குகள் பெரும்பாலும் அதிலுள்ள ஆக்டிவ் டைரக்டரி என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. அது பிழைத்திருந்தால் புது மெஷினில் 'ரெக்கவர் சர்வர்' முறையில் எக்ஸ்சேஞ்சை நிறுவி, டேட்டாபேஸைக் கொண்டுவந்து வைக்கலாம். அதுவும் போய்விட்டால் கதை வேறு.

மூன்றாவது, இடமே போய்விட்டால். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் சித்திரை மாதக் கோடை மழையில் இடி விழுந்தது. சர்வர், நாஸ், ஸ்விட்ச் மூன்றும் ஒரே ரேக்கில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. சர்வர் தப்பியது, நாஸ் கருகிவிட்டது. மாறி நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டும் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அதன் பிறகு இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கினோம். மேனேஜர் வாரம் ஒருமுறை பேங்க் வேலையாகச் சேலம் வரும்போது ஒன்றைப் பையில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி எடுத்து வருவார், போன வாரத்ததை மேலே கொண்டு போவார். எஸ்டேட்டில் இருக்கும் இன்டர்நெட் வேகத்துக்கு அதைவிட வேகமான வழி கிடையாது.

உங்கள் கிளவுடு கேள்விக்கும் அதே கணக்குதான். 400 ஜிபி 20 எம்பிபிஎஸ் லைனில் ஏறத் தடங்கலே இல்லாமல் போனாலும் சுமார் 44 மணி நேரம். ஏறுவது ஒருமுறைதான், பிறகு தினசரி மாற்றம் மட்டும் போகும், அது சிரமமில்லை. சர்வர் விழுந்த அன்று அதே லைனில் 400 ஜிபி இறங்கியாக வேண்டும் என்பதைத்தான் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு நாள் மெயில் இல்லாமல் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்றால் முதல் பிரதி ஆபீஸ் கட்டடத்திலேயே, வேறு அறையில், வேறு மின் இணைப்பில் இருக்கட்டும். கிளவுடு இரண்டாவதாக வரட்டும்.

எந்தக் கேபிளிலும் மாட்டாமல் ஒரு பிரதி இருந்தே தீர வேண்டும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால், டொமைன் அட்மின் பாஸ்வேர்டில் திறக்கும் நாஸையும் சேர்த்துத்தான் பூட்டும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலிலேயே ஒரு சாஃப்ட்வேர் பிழையால் சுமார் 0.02 சதவீதம் பேரின் மெயில்கள் காணாமல் போயின. கூகிள் வைத்திருந்த பல பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்தது. ஆஃப்லைனில் இருந்த காந்த டேப்பிலிருந்துதான் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள்.

உங்களுடையது எக்ஸ்சேஞ்ச் 2016 அல்லது 2019 என்றால், இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மாற்றும் யோசனையையும் இப்போதே எடுங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடு மெயிலான மைக்ரோசாஃப்ட் 365-க்குப் போனாலும் அழித்த மெயில் 14 நாள்தான், 30 வரை ஏற்றலாம். அங்கேயும் தனி பேக்கப் தேவைப்படும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவரின் மெயில்பாக்ஸை உதிரி மெஷினில் திரும்ப எடுத்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அந்த ஜவ்வரிசி ஆலையில் இப்போது அது மூன்று மணி நேரத்தில் முடிகிறது, அக்காவே நேரத்தைக் குறித்து வைக்கிறார். பேக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு மெயிலில் மட்டும் இருந்தால் சர்வர் விழுந்த அன்று உதவாது. தாளில் எழுதி, டிஸ்க் இருக்கும் பீரோவில் வைக்காமல், வேறு பீரோவில் வையுங்கள்.