அமெரிக்காவில் கால்நடை டெக்னீஷியன் படிப்பு: கல்லூரித் தேர்வு குறித்த கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி தேடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கால்நடை டெக்னீஷியன் என்பவர் கால்நடை மருத்துவருக்குச் செவிலியர்போலத் துணைநிற்பவர். நீங்கள் சேரவிருக்கும் டெக்னீஷியன் படிப்புக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏவிஎம்ஏயின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது’ என்று சேர்க்கைப் பிரிவினர் சொன்னால், அது கல்லூரி முழுமைக்குமான பொது அங்கீகாரமாக மட்டும் இருக்கக்கூடும். பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்துக்குத் தேவையான விடிஎன்இ என்ற கால்நடை டெக்னீஷியன் தேசியத் தேர்வை, பொதுவாக ஏவிஎம்ஏ அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களே எழுத முடியும். அடுத்து, அந்தத் தேர்வில் முந்தைய மூன்று ஆண்டுகளின் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் அதை இணையத்தில் வெளியிட வேண்டும். ஐந்து பேர் எழுதி நால்வர் தேறினாலும் 80 விழுக்காடுதான். ஆகவே எழுதியவர்களின் எண்ணிக்கையையும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: கால்நடை உதவியாளர் சான்றிதழ் பெற்றுவிட்டு விடிஎன்இ எழுதலாமா?

பதில்: அந்தச் சான்றிதழ் மட்டும் அதற்குத் தகுதியாகாது. டெக்னீஷியன் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் பட்டப்படிப்பு. பல மருத்துவமனைகள் உதவியாளரை வேலையில் சேர்த்துத் தாங்களே பழக்குகின்றன என்பதால், சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டுமுன் அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே இணையவழியில் படிக்கலாமா?

பதில்: படிக்கலாம். பர்டூ பல்கலைக்கழகம் உட்படச் சில இடங்களில் ஏவிஎம்ஏ அங்கீகரித்த தொலைநிலைப் படிப்பு உண்டு. ஆனால் இரத்தம் எடுப்பது, மயக்க நிலையைக் கண்காணிப்பது, எக்ஸ்ரே எடுப்பது போன்ற திறன்களை உயிருள்ள விலங்குகளிடம் செய்து காட்டியாக வேண்டும். அதற்கான மருத்துவமனையைப் பெரும்பாலும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனை போதாது. குதிரை, மாடு போன்ற பெரிய விலங்குகளிடமும் எலி, முயல் போன்ற ஆய்வக விலங்குகளிடமும் பயிற்சி தேவை. இடம் தரச் சம்மதிக்கும் கடிதம் கைக்கு வரும் முன் கட்டணம் கட்டாதீர்கள்.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை. இணையவழியில் படித்தவர்களுக்கு விலங்கைப் பிடிக்கவே தெரிவதில்லை.

பதில்: நான் பயிற்சி அளித்தவர்களில் இரு வழிகளிலும் வந்த திறமைசாலிகள் உண்டு. வளாகத்தில் ஆசிரியர் அருகில் நின்று கையின் கோணத்தை அந்த நொடியே திருத்துவார் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தொலைநிலை மாணவருக்கு அந்தத் திருத்தம் மருத்துவமனையில் வழிகாட்டும் டெக்னீஷியனிடமிருந்து வர வேண்டும். அவருக்கு நேரமில்லாத இடத்தில் மாணவர் தவறான பழக்கத்தோடே தேறிவிடுகிறார். ஆகவே படிக்கும் வழியை மட்டும் குறை சொல்வதைவிட, வழிகாட்டுபவர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடனிருப்பார் என்று கேட்பதே விலங்குக்கும் மாணவருக்கும் நல்லது.

கேள்வி: சிறந்த கல்லூரி எது?

பதில்: மூன்றாவது முறையாக வரும் கேள்வி இது. தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். அங்கீகாரத்தைப் பாராமல் பெயரைக் கேட்டுச் சேராதீர்கள்.

கேள்வி: பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்4 விசாவில் படித்தபின் வேலை செய்யலாமா?

பதில்: குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு மாநிலத்தில் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் வேலை பார்க்கலாமா?

பதில்: விடிஎன்இ மதிப்பெண்ணை வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். ஆயினும் உரிமத்தின் பெயரும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், குடிபோகவிருக்கும் மாநிலத்தின் கால்நடை மருத்துவ வாரியம் கேட்பவற்றைச் சேர்வதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.