கையெழுத்துக்கு முன்னாடி காகிதம்

கிருஷ்ணகிரியில இருந்து கென்யா வந்து, மகுவேனி கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு மாம்பழக்கூழ் ஆலையில சேர்ந்து மூணு மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க தம்பி. வர்ற வாரம் கவுண்டியோட ஃபைனான்ஸ் பில், அதாவது வரி, கட்டண மசோதா பத்தி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமாம், முதலாளி உங்களைப் போய் உட்காரச் சொல்லிட்டாராம். இது நம்ம ஊர் கிராம சபை மாதிரியா, வெளிநாட்டுக்காரன் வாயைத் திறக்கலாமா, போகாம விட்டா பிரச்சனை வருமான்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க.

கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன். போகலைன்னா யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா போங்க. உங்க ஆலைக்கு மாங்காய் ஏத்திட்டு வர்ற லாரியை வழியில குறுக்குக் கட்டை போட்டு நிறுத்தி செஸ்ன்னு சரக்கு வரி வாங்குறாங்க இல்லையா, அது எவ்வளவுங்கிறது அந்த பில்லோட அட்டவணையிலதான் இருக்கும். உங்க கம்பெனியோட பிசினஸ் பர்மிட் கட்டணமும் அதுலதான். மண்டிக்காரன் கமிஷன் பேசுற இடத்துக்குப் போகாம வீட்ல இருப்போமா?

நான் பரமக்குடிக்காரன். 2011ல இங்க வந்தேன், பம்புசெட், சொட்டுநீர்ப் பாசனம்தான் தொழில். புது அரசியல் சாசனம் 2010 ஆகஸ்ட்ல வந்திருந்துச்சு. ஆனா கவுண்டிகள் 2013 மார்ச் தேர்தலுக்கு அப்புறம்தான் உயிரோட வந்துச்சு. 47 கவுண்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவர்னர், ஒரு சட்டமன்றம். நம்ம ஊர் கவர்னரை நினைச்சுக்காதீங்க, இவர் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர். வார்டுக்கு ஒரு எம்.சி.ஏ., அதாவது கவுண்டி சட்டமன்ற உறுப்பினர். கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் ஒண்ணா அரைச்ச மாதிரி ஒரு பதவி. கூட்டத்துல அவரை 'ம்ஹெஷிமிவா'ன்னு கூப்பிடணும், நம்ம 'மாண்புமிகு'தான். நாட்டோட வருமானத்துல 15 சதவீதத்துக்குக் குறையாம கவுண்டிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்னு சாசனமே சொல்லுது. இப்படி அதிகாரத்தையும் பணத்தையும் கவுண்டிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு சுவாஹிலியில 'உகதுஸி'ன்னு பேரு.

இப்ப நான் அடிபட்ட கதை. வேற கவுண்டி, எதுன்னு சொல்லலை. 2014ல முதல் தடவையா ஒரு ஃபைனான்ஸ் பில் கூட்டத்துக்குப் போனேன். மைக் கைக்கு வந்ததும் உற்சாகமா எழுந்து, எங்க பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, கரண்ட் இல்லைன்னு பத்து நிமிஷம் பேசினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அதிகாரி நன்றி சொல்லி நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டார். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் மட்டும் மெதுவா, "மகனே, அது நைரோபிக்காரன் கொடுக்க வேண்டியது, இவங்ககிட்ட இல்லை"ன்னார். வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கென்யா பவர் கம்பெனி, போலீஸ், தொடக்கப் பள்ளியில இருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் படிப்பு, உங்க விசா, எல்லாம் மத்திய அரசு. ஆஸ்பத்திரி, விவசாயம், கவுண்டி ரோடு, குடிநீர், சந்தை, பால்வாடி, இதெல்லாம்தான் கவுண்டி. இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, காக்கிச் சட்டையும் தொப்பியுமா முன்னாடி உட்கார்ந்திருப்பாரே சீஃப், அவர் கவுண்டி ஆளே கிடையாது. மத்திய அரசோட தாசில்தார், வி.ஏ.ஓ. வரிசையில வர்றவர்.

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. அன்னைக்கு வாசல்லயே ஒரு ரிஜிஸ்டர் நீட்டினாங்க. பேரு, ஐ.டி. நம்பர், போன் நம்பர், கையெழுத்து. போட்டேன். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்னு கொஞ்சம் காசு கொடுப்பாங்க, அதுக்காகன்னு நினைச்சேன். சில மாசம் கழிச்சு சட்டம் வந்தப்ப பார்த்தா, லாரி என்ன ஏத்திட்டு வந்தாலும் லாரியோட கொள்ளளவுக்குத்தான் கட்டணம். எனக்கு நாலு பைப்புக் கட்டும் ரெண்டு மோட்டாரும்தான் வரும், ஏழு டன்னுக்குக் காசு. ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்க இருந்த அதிகாரி அம்மா கோபமே படலை. அலமாரியில இருந்து அதே ரிஜிஸ்டரை எடுத்துப் பிரிச்சு, என் பேருக்கு நேரா விரலை வெச்சாங்க. "நீங்க இருந்தீங்களே, ஆட்சேபணை எதுவும் எழுதிக் கொடுக்கலையே?" என் கையெழுத்துதான், தமிழ்ல 'கு'வுக்குச் சுழிச்சு விட்டது. என்ன சொல்ல?

அந்த ரிஜிஸ்டர் ஏன் அவங்களுக்கு அவ்வளவு முக்கியம்னு அப்புறம்தான் விளங்குச்சு. நைரோபியை ஒட்டி இருக்கிற கியாம்பு கவுண்டி 2013ல ஒரு ஃபைனான்ஸ் சட்டம் போட்டுச்சு. மக்களை ஒழுங்காக் கேக்கலைன்னு கேஸ் போனாங்க. 2014 ஏப்ரல்ல ஹைகோர்ட் அந்தச் சட்டத்தையே செல்லாதுன்னு தூக்கிப் போட்டுருச்சு. சும்மா ட்வீட் போட்டுட்டு, வேணுங்கிறவன் தேடிக்கட்டும்னு விட முடியாது. சர்ச், மசூதி, கோயில், ஊர்க்கூட்டம், உள்ளூர் மொழி ரேடியோன்னு எல்லா வழியிலயும் சொல்லணும்னு நீதிபதி எழுதினார். அன்னையில இருந்து ஒவ்வொரு கவுண்டிக்கும் பயம். கேட்டோம்னு காட்ட அத்தாட்சி வேணும். அந்த அத்தாட்சி யாரு? நீங்களும் நானும் போடுற கையெழுத்துதான்.

அதனால கிராம சபை மாதிரியான்னு கேட்டா, பாதி மாதிரி. நம்ம ஊர்ல இப்ப வருஷத்துக்கு ஆறு கிராம சபை. தீர்மானத்தை வீட்லயே எழுதிட்டு வந்து கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போற கதை உங்களுக்கு நான் சொல்லணுமா? இங்கயும் அந்த வாசனை உண்டு. தடியான இங்கிலீஷ் பில், அன்னைக்குக் காலையிலதான் கையில கொடுப்பாங்க, அதுவும் பத்துப் பேருக்கு ஒண்ணு. வித்தியாசம் என்னன்னா, சரியா நடத்தலைன்னு நிரூபிச்சா இங்க வரிச் சட்டமே கவுந்துடும். எங்க ஊர் தீர்மான நோட்டை வெச்சு நான் ஒரு தெருவிளக்கைக் கூட மாத்தினதில்லை.

உங்க ரெண்டாவது கேள்வி, வெளிநாட்டுக்காரன் பேசலாமா. தாராளமா. 2012ஆம் வருஷத்துக் கவுண்டி அரசுகள் சட்டத்துல 'பொதுமக்கள்'னா யாருன்னு எழுதியிருக்கு. அந்தக் கவுண்டியில வசிக்கிறவங்க, அங்க அக்கறை இருக்கிற தனியார் நிறுவனம், ஏன், தற்காலிகமா வந்து தங்கி கவுண்டியோட சேவையைப் பயன்படுத்துறவங்க கூட அதுல அடக்கம். ஓட்டுரிமையோட இதுக்குச் சம்பந்தமே இல்லை. ஆனா சட்டம் விடுறது வேற, சபை தாங்குறது வேற. நீங்க அங்க 'மூஹிந்தி', இந்தியாக்காரன். நைரோபியில மூணு தலைமுறையா இருக்கிற குஜராத்திக்காரருக்கும் அதே பேருதான். காசுக்காரன் முதல்ல எழுந்து பேசினா கூட்டம் சுருங்கிடும். நாலஞ்சு ஊர்க்காரங்க பேசி முடியட்டும். உங்களுக்கு மாங்காய் கொடுக்கிற விவசாயி ஒருத்தர் எழுந்து செஸ் பத்திப் பேசினா அவருக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷம் பேசுங்க. கவர்னர் கட்சி, எம்.சி.ஏ. கட்சின்னு பேச்சு திரும்பினா தண்ணி பாட்டிலைத் திறந்து குடிங்க. 2024 ஜூன்ல நாட்டோட ஃபைனான்ஸ் பில்லுக்கு எதிரா இளவட்டங்க நைரோபி நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பில்லையே வாபஸ் வாங்க வேண்டி வந்துச்சு. அதுக்கப்புறம் கிராமத்துக் கூட்டத்துல கூட பையன்க போன்ல பில்லைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பக்க நம்பர் சொல்லிக் கேக்குறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. ஆனா அந்தச் சண்டை அவங்களோடது, உங்க வொர்க் பர்மிட் உங்களோடது.

அப்புறம், நீங்க வந்து சேர்ந்த இடம் சாதாரண இடம் இல்லை. மக்கள் பங்கேற்புன்னாலே கென்யாவுல முதல்ல சொல்றது மகுவேனியைத்தான். முதல் கவர்னர் கிவுதா கிப்வானா, சட்டப் பேராசிரியர், 2013ல இருந்து 2022 வரைக்கும் இருந்தார். ஆரம்பத்துல அவருக்கும் சட்டமன்றத்துக்கும் பட்ஜெட் தகராறு முத்தி, கவுண்டியையே கலைங்கன்னு மக்கள் மனு போட்டு, விசாரணைக் கமிஷன் வரைக்கும் போச்சு. 2015ல ஜனாதிபதி கலைக்க மாட்டேன்னுட்டார். அவ்வளவு ரகளைக்கு நடுவுலயும் அங்க கட்டின ஏற்பாடு நின்னுச்சு. திட்டம் எது வேணும்னு கிராமத்துல ஆரம்பிச்சு, பக்கத்துப் பக்கத்துக் கிராமங்க சேர்ந்த தொகுப்பு, அரை வார்டு, வார்டு, துணைக் கவுண்டின்னு மேல ஏறி, கடைசியில கவுண்டி முழுக்கக் கூடும். வேலை தொடங்கினா உள்ளூர்க்காரங்களே தேர்ந்தெடுத்த திட்டக் குழு ஒண்ணு இருக்கும். அது சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் காண்டிராக்டருக்குப் பில் பாஸ் ஆகும். அந்தக் குழுவுல இருக்கிற ஒரு தையற்காரர் சிமெண்ட் மூட்டையை எண்ணி நின்னதை நானே பார்த்திருக்கேன். நீங்க போற ஃபைனான்ஸ் பில் கூட்டம் இந்த ஏணியில வர்றது இல்லை, வரி, கட்டணம் பத்தினது. பொதுவா ஜூலையில நிதியாண்டு தொடங்கினதுக்கு அப்புறம் வரும்.

அங்க ஒரு திட்டக் கூட்டத்துக்கு, சோலார் பம்பு பத்திச் சொல்லக் கூப்பிட்டாங்கன்னு போயிருந்தேன். பெரியவங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி, மரத்தடியில. நாற்காலி கிடைக்காத பொம்பளைங்க காலி ஜெர்ரிகேனைக் கவுத்து உட்கார்ந்திருந்தாங்க. சமையல் எண்ணெய் வர்ற மஞ்சள் கேன், 20 லிட்டர். சந்தைக்குக் கூரை போடலாமா, மாட்டை முக்கி எடுக்கிற மருந்துத் தொட்டி கட்டலாமான்னு ஆம்பளைங்க ஒரு மணி நேரம் பேசினாங்க. ஒரு அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கேனைத் தூக்கி அதிகாரி மேசை மேல வெச்சாங்க. "இதை நிரப்பக் காலையில நாலு மணிக்குப் போனேன். ரொம்பலை. உங்க தாள்ல இது எந்த நம்பர்?" கை தூக்கச் சொன்னப்போ மணல் அணைக்குத்தான் அதிகக் கை. கம்பா மக்கள் இருக்கிற இந்தப் பக்கத்து ஆறெல்லாம் வருஷத்துல முக்காவாசி நாள் வெறும் மணல். குறுக்கே ஒரு சுவரைக் கட்டினா மணல் சேர்ந்து, அந்த மணலுக்குள்ள தண்ணி நிக்கும், தோண்டி எடுத்துக்கலாம். வைகையில ஊத்துத் தோண்டி அகப்பையில மொண்டு குடத்தை நிரப்பினவன் நான். அந்த அம்மா சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலேயே புரிஞ்சுது.

பேச்சு பெரும்பாலும் கம்பா மக்களோட மொழி கிகம்பாவுலதான் நடக்கும். பக்கத்துல ஒரு காலேஜ் பையனா பார்த்து உட்காருங்க, காதுல சொல்லிட்டே வருவான். நோட்டீஸ்ல ஒன்பது மணின்னா பதினொண்ணுக்குத் தொடங்கும். முதல்ல ஜெபம், அப்புறம் ஒவ்வொரு அதிகாரியா எழுந்து கையாட்டுற அறிமுகம், அதுக்கே முக்கால் மணி நேரம். தொப்பி எடுத்துக்கோங்க. ரோடு சரியில்லைன்னா கார் வேண்டாம், போடா போடாவுல போங்க. பைக் டாக்சிக்கு இங்க அதுதான் பேரு, நம்மாளு ஒருத்தரும் முதல் தடவை சிரிக்காம ஏறினதில்லை.

முக்கியமான வேலை கூட்டத்துக்கு முன்னாடியே இருக்கு. வார்டு நிர்வாகி ஆபீஸ்ல பில்லைக் கேட்டு வாங்குங்க, கொடுக்கணும். அட்டவணையில மாங்காய் எந்தக் கணக்குல இருக்குன்னு பாருங்க: கிலோவா, கிரேட்டா, லாரியா. போன வருஷக் கட்டணத்தைப் பக்கத்துல எழுதுங்க. சீசன்ல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் உங்களுக்கு எத்தனை லாரி வருது, அதுல எத்தனை அரை லோடு, இந்தக் கட்டணம் வந்தா விவசாயிக்குக் கொடுக்கிற விலையில எவ்வளவு குறையும், இவ்வளவுதான். ஒரே பக்கம். எந்தப் பிரிவை எப்படி மாத்தணும்னு கடைசியில ஒரு வரி. முதலாளி கையெழுத்து, கம்பெனி சீல். லாபம் போச்சுன்னு எழுதாதீங்க, அது யாருக்கும் வலிக்காது.

நான் அடுத்த வருஷம் இதைத்தான் செஞ்சேன். கொள்ளளவை எடுத்துட்டு எடைக்கு மாத்தணும்னு கேட்டிருந்தேன். எடைக்கு மாத்தலை. அரை லோடுக்குன்னு தனியா ஒரு வரி சேர்த்தாங்க. அதுக்குக் கட்டணம் பாதியாக் குறையலை, முழுக் கட்டணத்துல முக்கால். அந்தக் கால்பங்கு மிச்சம் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

அந்த ஒரு பக்கத்தை ரெண்டு காப்பி எடுத்துக்கோங்க. ஒண்ணை அவங்ககிட்ட கொடுத்து, உங்க காப்பியில தேதி போட்டு சீல் வாங்குங்க. 'அப்புறம் பார்க்கலாம்'னா சிரிச்சுக்கிட்டே நின்னுட்டு இருங்க, போட்டுடுவாங்க. சீல் விழுந்ததுக்கு அப்புறம் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க. வாசல்லயே நீட்டினா, "எழுதிக் கொடுத்துட்டு வந்து போடுறேன்"னு சொல்லிட்டு உள்ளே போங்க.

கூட்டம் மகிண்டு பக்கம்னா திரும்பும்போது நெடுஞ்சாலையில இருக்கிற சீக்கிய குருத்வாராவுல இறங்குங்க. ரயில்வே காலத்துல வந்தவங்க வழியா உருவான இடம், யார் போனாலும் இலவசமா சாப்பாடு போடுவாங்க. மூணு மாசமா உகாலி (மக்காச்சோள மாவுக் களி) சாப்பிட்டு வாய் செத்துப் போயிருக்கும், பருப்பும் சப்பாத்தியும் அமிர்தமா இருக்கும். பில் கையில கிடைச்சதும் மாங்காய் வர்ற அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்.