ஏரி, மரம், குப்பை, புத்தகம்: பெங்களூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அல்சூரில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை பேச்சு சூழலியல் நூல்களைப் பற்றி. எனக்கு வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் படித்த நூல்களை மட்டுமே சொல்கிறேன்.

மாரத்தஹள்ளியிலிருந்து ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தம்பி: அக்கா, பெல்லந்தூர் ஏரியைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போறேன். நுரையையும் நாத்தத்தையும் பார்த்துப் பார்த்து, இதைப் பத்தி ஏதாவது படிக்கணும்னு தோணுது. இதுவரைக்கும் ஒண்ணும் படிச்சதில்லை. எதுல ஆரம்பிக்கலாம்?

தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’. சின்னச் சின்னக் கட்டுரைகள், தெளிவான தமிழ். அவர் நம் ஊரிலேயே பல காலமாக வாழ்பவர். அலுவலகப் பேருந்தில் ஒரு கட்டுரை, திரும்பும்போது ஒன்று என்று படித்துவிடலாம்.

அடுத்து உடனே சோ. தர்மனின் ‘சூல்’. 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். உருளைக்குடி கண்மாய்தான் அதன் மையம். தூர் வாருவது, மடை திறப்பது, கரையைக் காப்பது என்று ஒரு ஊரே நீரைச் சுற்றி எப்படி இயங்கியது, அந்த ஏற்பாடு எப்படிச் சிதைந்தது என்று கதையாகவே சொல்லிக்கொண்டு போவார். பெல்லந்தூருக்கும் கரிசல் காட்டுக் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் ஏரிகளும் தாமாக உண்டானவை கிடையாது, மனிதர் வெட்டியவை. மேல் ஏரி நிரம்பினால் கால்வாய் வழியே கீழ் ஏரிக்கு நீர் போகும். பெல்லந்தூர் வழிந்தால் வர்த்தூர், வர்த்தூர் வழிந்தால் தென்பெண்ணை. இன்று அதே வழியில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் போகின்றன. 2017லும் 2018லும் ஏரியே தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தோம். நீங்கள் பார்க்கும் அந்த நுரை ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையிலும் பொங்குகிறது. அங்கே அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள், தம்பி. ‘சூல்’ படித்த பிறகு, ஏரிகளை இணைக்கும் ராஜகால்வாயைப் பார்த்தால் அது சாக்கடையாகத் தெரியாது, அடைபட்ட நீர்வழியாகத் தெரியும்.

தொம்லூர் வாசகர் ஒருவர்: பெங்களூரைப் பற்றியே எழுதப்பட்ட நூல் உண்டா?

உண்டு, ஆங்கிலத்தில். ஹரிணி நாகேந்திரா 2016இல் எழுதிய ‘நேச்சர் இன் தி சிட்டி’. வற்றாத ஆறு எதுவும் இல்லாத மேட்டு நிலத்தில் ஒரு ஊர் எப்படி ஏரி வெட்டி, தோப்பு வளர்த்துப் பெரிதானது என்று சொல்கிறது. இன்றைக்குக் காவிரியை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பம்ப் செய்து மேலே ஏற்றித்தான் குடிக்கிறோம். 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த நூலின் நீர் பற்றிய பகுதிகளில் நிறைய விஷயம் இருக்கிறது. அவரும் சீமா முண்டோலியும் சேர்ந்து 2019இல் எழுதிய ‘சிட்டிஸ் அண்ட் கேனோபிஸ்’ நகரத்து மரங்களைப் பற்றியது, இதைவிட எளிமையானது. இரண்டும் தமிழில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நீங்கள் தொம்லூர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு நிலமும் வருவாயும் கொடுத்த செய்தி அதில் வரும். நூலைப் படித்துவிட்டு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

சிவாஜி நகரில் பள்ளி ஆசிரியை: எங்க பசங்க தமிழ் நல்லாப் பேசுவாங்க, ஆனா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. அவங்களுக்கு என்ன கொடுக்கலாம்?

டீச்சர், காசில்லாமலே தொடங்கலாம். பெங்களூரில் இருக்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருப்பதால் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் கதை கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘துளிர்’ அறிவியல் இதழ்.

ஆனால் நான் முதலில் வாங்கச் சொல்வது, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’. க்ரியா வெளியீடு. அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு காலையில் அல்சூர் ஏரிக்கு வாருங்கள். கூழைக்கடா அலகின் கீழே பையைத் தொங்கவிட்டபடி நீந்தும். நீர்க்காகம் பாறையிலோ கிளையிலோ இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். ஏன் அப்படி நிற்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். அதன் சிறகில் தண்ணீர் ஊறிவிடும், காய வைக்கிறது. மேலே வட்டமடிப்பது வால் நடுவே பிளந்திருந்தால் கள்ளப்பருந்து, தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. பார்த்த பறவையின் பெயரைப் புத்தகத்தில் தேடும் பிள்ளை எழுத்துக்கூட்டுவதற்குச் சலித்துக்கொள்ளாது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து ஒரு அம்மா: குறைவாக வாங்கி, குறைவாகக் குப்பை போட்டு வாழக் கற்றுத்தரும் புத்தகம் சொல்லுங்க. வீட்டுல உரம் போட்டுப் பார்த்தேன், நாத்தம் தாங்கலை.

முதலில் நாற்றம். ஈரம் கூடிப்போய்க் காற்று இல்லாமல் போனால்தான் நாறும். காய்கறித் தோலை ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ குறைந்தது அதே அளவு போடுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கினால் கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு போடுங்கள். காய்ந்துபோயிருந்தால் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்குச் சிவப்பு, உலர்ந்ததற்குப் பை என்று நம் ஊரில் பிரிக்கச் சொல்கிறார்களே, அந்தப் பச்சைத் தொட்டியில் போவதில் பெரும்பகுதி உங்கள் பால்கனியிலேயே மண்ணாகிவிடும். மண்டூர் கிராமத்தார் தங்கள் ஊரில் நம் குப்பையைக் கொட்டாதே என்று 2014இல் போராடியது நினைவிருக்கும்.

புத்தகம் என்றால், பொருளியலாளர் ஷூமாக்கரின் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’. 1973இல் வந்தது, தமிழில் ‘சிறியதே அழகு’ என்று கிடைக்கிறது. எல்லா அத்தியாயமும் எளிதில்லை. பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையை மட்டுமாவது படியுங்கள். அதில் அவர் மேற்கோள் காட்டுபவர்களில் ஒருவர் நம் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், சிறையில் இருந்தபோது ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ (நிலைத்த பொருளாதாரம்) எழுதினார். காந்தி முன்னுரை கொடுத்தார். இயற்கையில் தேனீ தேனை எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கையும் செய்கிறது, மனிதப் பொருளாதாரமும் எடுப்பதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்று ‘சஸ்டெய்னபிள்’ என்று பேசும் நாம் அவரை இவ்வளவு மறந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்: ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ படிச்சதிலிருந்து வேலையை விட்டுட்டுத் தர்மபுரிக்குப் போய் நிலம் பார்க்கலாமான்னு இருக்கேன்.

அற்புதமான நூல்தான். ஆனால் வேலையை விடுமுன் அதை இன்னொரு முறை படியுங்கள். ஜப்பானிய இயற்கை உழவரான ஃபுகோகா தாவர நோய் அறிவியல் படித்தவர். சும்மா விட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கிளை கழித்துக் கவாத்துச் செய்யாமல் விட்டதில் அப்பாவின் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கண்டடைந்த முறை அது, அதுவும் மழை வளமுள்ள ஷிகோகு தீவில். தர்மபுரியின் வானம் வேறு, மண் வேறு. நம்மாழ்வாரின் ‘உழவுக்கும் உண்டு வரலாறு’ நூலையும் கையிலெடுங்கள். அவர் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மழையை நம்பிய மானாவாரி உழவருக்கு அந்த வேலை உதவவில்லை என்று கண்டு விலகி வந்தார். நிலம் வாங்குமுன் அந்த ஊரில் ஒரு வறண்ட கோடையைக் கழித்துப் பாருங்கள்.

கல்லூரி மாணவி, ஜெயநகர்: காலநிலை மாற்றம் பத்திப் படிச்சாலே பயமா இருக்கு. தூக்கம் வரலை.

கண்ணம்மா, கொஞ்ச நாள் அந்த நூல்களை மூடி வை. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ படி. 1962இல் வந்தது. எல்ம் மரத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், இலை உதிர்கிறது, இலையை மண்புழு தின்கிறது, மண்புழுவை ராபின் குருவி தின்று செத்து விழுகிறது. இப்படிக் கண்ணி கண்ணியாகக் காட்டுவார். அதுவும் துயரக் கதைதான். ஆனால் எங்கே வெட்டினால் சங்கிலி அறும் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. புத்தகம் கிளப்பிய விவாதம் ஓயவில்லை, 1972இல் அமெரிக்கா டிடிடி என்ற அந்தப் பூச்சிமருந்தை வேளாண்மையில் தடை செய்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1964லேயே புற்றுநோயில் இறந்துபோனார்.

நாவல்தான் படிப்பேன் என்பவருக்கு?

நக்கீரனின் ‘காடோடி’, போர்னியோ மழைக்காடு வெட்டப்படும் கதை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, திருப்பூர்ச் சாயக் கழிவு பற்றியது. இரண்டையும் தயங்காமல் வாங்கலாம்.

இதெல்லாம் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். ஆங்கில நூல்களுக்குச் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள். மற்றவை பதிப்பகங்களிடம் தபாலில் வரவழைக்கலாம். இந்தி வாசிப்பவர்கள் அனுபம் மிஸ்ராவின் ‘ஆஜ் பி கரே ஹைன் தாலாப்’ நூலை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். குளங்களைப் பற்றிய அந்த 1993ஆம் ஆண்டு நூலுக்கு அவர் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், ஃப்ரேசர் டவுன்: கண் பார்வை மங்குகிறது. ஒரே ஒரு நூல் என்றால்?

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ஐயா. பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் பிரதியைத் தருகிறேன்.