பழைய டர்போ காருக்குப் புது இன்லெட் பைப்: பணம் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: என்னுடையது 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 டர்போ பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாக 4,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் பழைய இழுவை இல்லை. கோவையில் ஒரு டியூனிங் கடையில் காட்டினேன். சிலிக்கான் டர்போ இன்லெட், திறந்த ஏர் ஃபில்டர், பெரிய சென்சார் குழாய், புது வால்வு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் கேட்கிறார்கள். 20 குதிரைத்திறன் கூடும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். ஆர்.சி. புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது. அதையும் அவர்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். போடலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் காரின் இன்லெட் ஹோஸை மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அது ரிப்பேர். அதை அப்கிரேடு என்று பெயர் மாற்றி, கூடவே மூன்று தேவையில்லாத பொருளையும் கட்டி விற்கிறார்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவின் வாய் வரை ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதுதான் இன்லெட். உங்கள் காரில் அது எஞ்சினுக்குப் பின்புறம், டர்போவின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவியும் அதற்குள்தான் திரும்புகிறது. இத்தனை வருடம் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறிய ரப்பர் இரண்டில் ஒன்று ஆகும். ஒன்று அடிப்பக்கம் வெடித்துக் காற்றை உள்ளே விடும். இல்லையென்றால் தளர்ந்துபோய், டர்போ பலமாக இழுக்கும்போது உள்பக்கமாக அமுங்கி ஒட்டிக்கொள்ளும். இளநீர்க் கடையில் தரும் காகித ஸ்ட்ரா ஊறிப்போனபின் வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகுமோ, அதேதான். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

வெடிப்பு இருந்தால் இழுவை குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. ஃபில்டரைத் தாண்டிய இடம் அது. அங்கே நுழைகிற தூசி நேராக டர்போவின் சக்கரத்தில் போய் மோதும். பைபாஸ் சாலைப் புழுதியில் தினமும் ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இப்போது அந்த 20 குதிரைத்திறன். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தபோது 150 குதிரைத்திறன். எவ்வளவு காற்று வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. என்75 என்ற சின்ன வால்வை வைத்து அந்த அளவுக்கு மேல் போகாமல் பிடித்துவைக்கிறது. நீங்கள் எவ்வளவு பெரிய குழாய் மாட்டினாலும் கம்ப்யூட்டர் பழைய அளவையே கேட்கும். டர்போவுக்கு வேலை கொஞ்சம் குறையும், காற்றின் சூடு ஓரளவு குறையும். அவ்வளவுதான். கம்பெனி மேப்பில், அதாவது கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதிவைத்த அதே கணக்கில், ஓடுகிற காரில் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் இன்லெட்டை எடுத்துவிட்டுப் பளபளக்கும் சிலிக்கானைப் போட்டால் உங்கள் கால் உணரும்படி ஒன்றும் கூடாது. "போட்டதும் கார் பறக்குது" என்று சிலர் சொல்வது பொய் இல்லை. வெடித்த ஹோஸை எடுத்துவிட்டு முழு ஹோஸைப் போட்டிருப்பார்கள். தொலைந்தது திரும்பி வந்திருக்கிறது.

கிட்டில் இருக்கும் மற்ற பொருட்கள்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகின்றன. "பெரிய சென்சார் குழாய்" என்பதைத் தொடவே தொடாதீர்கள். காற்றை அளக்கிற சென்சார், தான் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நம்பித்தான் கணக்குச் சொல்கிறது. குழாயைப் பெரிதாக்கிவிட்டு மேப்பை மாற்றாமல் விட்டால், உள்ளே போகும் காற்றைவிடக் குறைவாகக் கணக்குக் காட்டும். பெட்ரோல் அதற்கேற்பக் குறையும். முழு ஆக்ஸிலரேட்டரில், டர்போ அழுத்தத்தில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும், பிஸ்டன் போகும். திறந்த ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டராக இருந்தால், எண்ணெய் அதிகமாகும்போது அந்தச் சென்சார் கம்பியிலேயே படியும். கிட்டில் உள்ள, ஸ்ஸ் என்று சத்தம் போடும் புது வால்வோ, ஏற்கெனவே அளந்த காற்றை வெளியே விட்டுவிடும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பெட்ரோல் அதிகமாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகும். கொஞ்ச நாளில் அதே கடைக்காரர் "கேட் அடைச்சிருக்கு சார், எடுத்துடலாம்" என்பார். அடுத்த பில் அங்கே தொடங்கும்.

சிலிக்கான் ஹோஸிலும் ஏமாற்று நிறைய. சாதாரண சிலிக்கானுக்கு எண்ணெயும் பெட்ரோல் ஆவியும் ஆகாது. உள்பக்கம் ஃப்ளோரோ சிலிக்கான் பூச்சு இருக்க வேண்டும், சுவரில் நான்கு அடுக்கு துணியாவது இருக்க வேண்டும். விலை குறைந்த ஹோஸ்களில் வெளிப்பக்கம் மட்டும் மினுக்கும். உள்ளே பூச்சு கிடையாது, சுவர் மெல்லிசு. சூடானதும் பழைய ரப்பரைவிட மோசமாக ஒட்டும். உங்கள் ஹோஸில் பக்கவாட்டுக் கிளைகள் உண்டு. எண்ணெய் ஆவிக் குழாய், என்75, டைவர்ட்டர் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தத்தை இன்லெட்டுக்கே திருப்பும் வால்வு) எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. ஒரு கிளையின் அளவு சரியாக இல்லாவிட்டாலும் மெக்கானிக் டேப் சுற்றிக் கிளாம்பை முறுக்குவார். மறுபடி லீக். "ஜெர்மனியிலிருந்து வருது, கஸ்டம்ஸில் குறைச்சுக் காட்டி எடுத்துடுவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி கேட்க முடியாது, போலியா அசலா என்று காட்டவும் வழி இல்லை.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்த வாய்ப்பிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் கம்ப்யூட்டரை ரீமேப் செய்திருக்கலாம், அதாவது கம்பெனி மேப்பை மாற்றி எழுதியிருக்கலாம். விற்கும்போது பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார்கள், வாங்கியவருக்கும் தெரியாது. இந்த எஞ்சின் ரீமேப்புக்குப் பேர்போனது. ரீமேப் செய்த காரில் கம்ப்யூட்டர் கேட்கிற காற்றே அதிகம். டர்போ உறிஞ்சும் பலமும் அதிகம். கம்பெனி அளவுக்குத் தாக்குப்பிடிக்கிற அதே ரப்பர் இந்த உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கீழே 2,500 ஆர்.பி.எம்.மில் நன்றாக இழுத்து, மேலே போகப்போகச் செத்துப்போகும். நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபோக்ஸ்வாகன் குழும கார்களுக்கான ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் போய், 115-ம் குரூப்பை (ஸ்கேனரில் அளவீடுகளைக் காட்டும் ஒரு பக்கம்) திறந்து, மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து லாக், அதாவது பதிவு, எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுவது ஒருவர், திரையைப் பார்ப்பது இன்னொருவர், காலியான சாலையில். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் தெரியும். கம்பெனி மேப்பில் கேட்பது வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேல் அரை பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஒட்டித்தான் இருக்கும். 1 பார் அளவுக்குக் கேட்கிறது என்றால் யாரோ மேப்பை மாற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காருக்கு, உள்பூச்சுள்ள, தடித்த சுவருள்ள நல்ல சிலிக்கான் இன்லெட் நியாயமான செலவுதான். அதற்கும் இன்லெட் மட்டும் போதும், மற்ற மூன்றும் வேண்டாம். பெரிய டர்போ மாட்டியவர்களுக்கும் இதே பதில்தான். கம்பெனி மேப் என்றால் ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் புதிதாக வாங்கிப் போடுங்கள். அது இன்னும் பல வருடம் உழைக்கும்.

லாக் எடுக்கும்போதே இன்னும் இரண்டு குரூப் பார்த்துவிடுங்கள். 003-ல் காற்றின் அளவு கிராம் கணக்கில் வரும். மேல் ஆர்.பி.எம்.மில் ஒரு வினாடிக்கு 120 கிராமை ஒட்டி வந்தால் எஞ்சின் தன் 150 குதிரைத்திறனைத் தருகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். 90 கிராமில் நின்றால், அடைப்பு, லீக், சோர்ந்துபோன சென்சார் மூன்றில் ஒன்று. 032-ல் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்று தெரியும். இங்கே ஒரு புதுக் குழப்பம் வந்திருக்கிறது. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு அதே காற்றில் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால் எந்த லீக்கும் இல்லாமலே 7, 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்ததும் "லீக் சார், இன்லெட் மாத்தணும்" என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 12, 15 என்று ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போதும் ஹோஸை வாங்குவதற்கு முன் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். புகையை உள்ளே செலுத்தினால் எங்கே வெடிப்போ அங்கே வெளியே வரும். யூகம் தேவையில்லை. டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு கிழிந்திருந்தாலும் உங்கள் அறிகுறி அப்படியே வரும். மாற்றும் செலவு மிகக் குறைவு என்பதால் யாரும் அதை முதலில் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது ஆர்.சி. தனியார் காருக்கு முதல் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும். இதற்குப் புரோக்கர் தேவையே இல்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, பணம் கட்டி, நாள் குறித்து வண்டியைக் கொண்டுபோகலாம். டியூனிங் கடைக்காரர் ஏன் இதில் ஆர்வம் காட்டுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். தான் மாட்டியதை அதிகாரி கேட்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு உற்பத்தியாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடுமையாக இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவனுக்கு வழி எங்கே? ஜெர்மனியில் இப்படிப்பட்ட பொருளை அதற்கான பரிசோதனைச் சான்றோடு விற்கிறார்கள். வண்டியைக் காட்டி ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். இங்கே சி.என்.ஜி. கிட்டுக்கு அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல ஹோஸை நேர்மையாகப் பதிவு செய்ய நினைத்தால் ஆர்.டி.ஓ. கவுன்டரில் கேட்கக்கூட ஆள் கிடையாது. இன்னொரு பக்கம், குழாயை சைலன்சரில் செருகாமலே புகைச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் இடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இந்த ஓட்டையில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, சைலன்சரிலிருந்து வரும் புகையை அளக்கும் உண்மையான மாசுச் சோதனை. உங்கள் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எஞ்சின் சூடான பிறகு, குழாயைச் செருகி, திரையில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கேட், ஆவிக் குழாய்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்து, வெடித்த ஹோஸுக்குப் பதில் ஒரிஜினல் ஹோஸ் இருந்தால் எஃப்.சி.யில் பயப்பட ஒன்றும் இல்லை. சிலிக்கான்தான் போடுகிறீர்கள் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு க்ளெய்ம் வரும்போது அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும்.

ஹோஸை மாற்றும்போது பழைய வயர் கிளாம்பைத் திரும்பப் போட விடாதீர்கள், எல்லாம் புதிது. டர்போ பக்கத்து முனை கைக்கு எட்டாத இடம். அவசரத்தில் அரைகுறையாக ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முடித்ததும் மறுபடி புகை விட்டுப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள். கழற்றிய ஹோஸையும் கேட்டு வாங்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். மூன்று குரூப்பின் லாக்கையும் எனக்கு அனுப்பினால், 115-ல் கேட்டதும் கிடைத்ததும் எந்த ஆர்.பி.எம்.மில் பிரிகின்றன என்று பார்த்து, இன்லெட்டா வால்வா என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.